அப்புறம்?

எங்கள் முத்தாரம் குடியிருப்பில் நான்கு மாடி, பதினாறு வீடு, ஒரே ஒரு டக்ட். குளியலறைக் குழாய்கள் எல்லாம் சேர்ந்து இறங்கும் இடுக்குச் சந்து அது. கட்டியவர்கள் அதைத் தண்ணீர் இறங்கத்தான் கட்டினார்கள். பேச்சும் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. என் சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் துலக்கும் இடத்தில் நின்றால் மேல்வீட்டுத் தும்மல், கீழ்வீட்டுச் சண்டை, பக்கத்து வீட்டு ஜெபம் எல்லாம் அட்சரம் பிசகாமல் வந்து சேரும். புஷ்பக்கா ஒட்டுக் கேட்கிறாள் என்று மூன்றாம் மாடியில் ஒருத்தி சொல்லிக்கொண்டு திரிகிறாள். பாத்திரம் துலக்குவது குற்றமா? கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

என் தலைக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில், அமலோற்பவம் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிவிட்டார். ஒரே மகன் ஜெனிஸ்டன் சரக்குக் கப்பலில் இஞ்சினியர். ஒரு தடவை தூத்துக்குடியை விட்டுப் போனால் ஒன்பது மாதம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் பத்து மணிக்குக் கூப்பிடுவான். டீச்சருக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டு, சிக்னலுக்காக டக்ட் ஜன்னலோரம் வந்து நின்றுதான் பேசுவார். ஆக, மேலே அம்மாவும் பிள்ளையும் பேசுவார்கள். கீழே நான் பாத்திரம் துலக்குவேன். மற்ற ஆறு நாளும் டீச்சர் அந்தப் பத்து மணிக்காகத்தான் மூச்சு விடுகிறார் என்று தோன்றும். சனிக்கிழமை சாயங்காலமே போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அரைமணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பார். குழம்பு கொதிக்கிறதா என்று பார்ப்பது போல.

அது குரல் கையெழுத்து வந்துவிட்ட காலம். அட்டை, ஓடிபி எல்லாம் ஒழிந்து, “சம்மதம்” என்று வாயால் சொன்னால் போதும், வங்கி ஒத்துக்கொள்ளும். உயிருள்ள தொண்டையா, இயந்திரமா என்று பிரித்துச் சொல்லும் கருவி வங்கியிடம் இருந்தது. வீடுகளில் இல்லை. அதுதான் வினை. பிள்ளையின் குரலில் இயந்திரம் பேசும்; பெற்றவள் தன் சொந்தத் தொண்டையால் சம்மதம் சொல்லிவிடுவாள்.

அதனால் எங்கள் குடியிருப்பில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். டீயும் மக்ரூனும் உண்டு என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்ததால் எல்லோரும் விழிப்புணர்வோடு வந்துவிட்டோம். சைபர் குற்றப் பிரிவிலிருந்து உதவி ஆய்வாளர் நஸ்ரின் பேசினார். ஒல்லியான பெண், குரல் மட்டும் கணீர்.

“மொதல்ல லாட்டரி விழுந்திருக்குன்னு மெயில் வந்துச்சு. நீங்க ஏமாந்தீங்க, பொறவு தெளிஞ்சீங்க. லிங்க் வந்துச்சு, அதுலயும் தெளிஞ்சீங்க. ஓடிபி கேட்டான், பார்சல்ல போதை மருந்து இருக்குன்னான், எல்லாத்துலயும் தெளிஞ்சாச்சு. நீங்க தெளியத் தெளிய அவனும் தெளிஞ்சுட்டே வாரான். நெட்ல கெடக்குற ஒரு வீடியோ போதும், இப்ப ஒங்க பிள்ள குரல்லயே பேசுதான். காதால கண்டுபிடிக்க முடியாது. அதனால வீட்டுக்கு வீடு ஒரு அடையாளச் சொல் வச்சுக்கோங்க. பேசுறவருக்கும் கேக்குறவருக்கும் மட்டும்தான் தெரியணும். அந்தச் சொல்லு வரலைன்னா போனை வச்சிருங்க.”

“எழுதி வச்சுக்கிடலாமா மேடம்?” என்று கேட்டது அமலோற்பவம் டீச்சர்.

“கூடாது டீச்சர். மனசுல மட்டும்.”

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, “நமக்கு என்ன சொல்லு வைக்கலாம்?” என்றார்.

“நான் என்ன பேசுனாலும் நீங்க ‘ம்’முனு ஒண்ணு சொல்லுவியள்லா, அதையே வைங்க. எந்த மெஷினாலயும் அவ்வளவு சுரத்தில்லாமச் சொல்ல முடியாது.”

“ம்” என்றார்.

சிரிக்க வேண்டாம். முப்பத்தைந்து வருடம் அந்த ‘ம்’மோடு குடித்தனம் செய்தவள் நான். மகள் ஓசூரில் இருக்கிறாள்; கூப்பிட்டால் நாலாவது நிமிடம் அவளுக்கு மீட்டிங் வந்துவிடும். ஊரில் நடப்பது எல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இடமில்லை. இந்த நேரத்தில்தான் சந்திரவடிவு மறுபடி என் வாழ்க்கையில் வந்தாள்.

வடிவும் நானும் தாலுகா ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பணி ஓய்வுக்குப் பிறகு தொடர்பு விட்டுப் போயிற்று. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குப் புது எண்ணிலிருந்து போன். “ஏட்டி புஷ்பம், என்னையத் தெரியுதா?”

தெரியாமல் இருக்குமா? அந்தக் கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியை இழுக்கும் இழுப்பு. அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். ஆபீசில் இருந்த காலத்தில் வடிவு யாரையும் வாய் திறக்க விட்டதில்லை. நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்லுவாள். இப்போது அடியோடு மாறியிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், ‘ச்சே’ போட வேண்டிய இடத்தில் ‘ச்சே’ போட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் ஒரே ஒரு சொல் சொல்லுவாள்.

“அப்புறம்?”

என்ன ஒரு சொல்! மனிதருக்கு மனிதர் கொடுக்கக்கூடிய மரியாதையிலேயே பெரியது அதுதான் என்பேன். வயதானால் சிலருக்குப் பக்குவம் வரும், வடிவுக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை என்பதைக் கவனித்தேனா என்றால், இல்லை. நான் எங்கே அவளைப் பேச விட்டேன்?

கூட்டம் நடந்த இரண்டாம் நாள்தான் ஜெனிஸ்டன் விடுப்பு முடிந்து கப்பலேறினான். அடுத்த ஞாயிறு. மேலே போன் அடித்தது. கீழே நான் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னல சாப்ட்ட?” என்றார் டீச்சர்.

“பாகற்காய் பாயசம்மா.”

இரண்டு பேரும் ஒரு சிரிப்பு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாகற்காயில் பாயசமாம்! அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த ஞாயிறும். அடையாளச் சொல் என்றால் ரோஜா, மயில், தாஜ்மகால் என்று கௌரவமாக ஏதாவது வைப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ‘என்ன சாப்பிட்டாய்’ என்று தாய் கேட்கிற கேள்விக்குள் யாராவது பூட்டு வைப்பார்களா? கணக்கு டீச்சர் மூளை அது. எனக்கு எட்டவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு வடிவிடம் சொன்னேன்.

“ஏட்டி, மேல்வீட்டு டீச்சர் மவன் கப்பல்ல இருக்கான்னு சொன்னேம்லா, அங்க வாராவாரம் பாகற்காய்ல பாயசம் போடுதாங்களாம்!”

வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். “பாகற்காய்லயா? அப்புறம்?”

“அப்புறம் என்ன, இந்தப் பய அதையும் குடிச்சிட்டு வாராவாரம் அம்மைக்கு ரிப்போர்ட் குடுக்கான். அவிய என்னல சாப்ட்டன்னு கேக்க, இவன் பாகற்காய் பாயசம்ங்க, ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.”

“பாவம் டீச்சர், தனியா இருக்காவ. மவன் என்னைக்குக் கூப்பிடுவான்?”

“ஞாயித்துக்கெழம. பூசை முடிஞ்சு.”

“அப்புறம்?”

அப்புறமும் சொன்னேன். அவன் சின்ன வயதில் தெப்பக்குளத்தில் விழுந்தது, டீச்சர் அவனை ‘ராசா’ என்று கூப்பிடுவது, எந்த வங்கியில் டீச்சருக்கு ஓய்வூதியம் வருகிறது என்பதெல்லாம். அன்று சாயங்காலம் மனசு லேசாக இருந்தது.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு டீச்சரின் போன் அடித்தது. வாரத்தின் நடுவில் அழைப்பு வந்ததே அதிசயம் என்று நானும் ஒரு தட்டை எடுத்துத் துலக்க ஆரம்பித்தேன்.

“ராசா, என்னல இன்னைக்கு?”

“சும்மாதாம்மா. கரை பக்கத்துல வந்துட்டோம், சிக்னல் கெடச்சுது.”

“என்னல சாப்ட்ட?”

“பாகற்காய் பாயசம்மா.”

அவன் குரல்தான். இரண்டு வருடமாகக் கேட்கிற எனக்குத் தெரியாதா? கப்பல் கம்பெனியில் ஏதோ பத்திரம், அம்மாவின் ஒப்புதல் வேண்டுமாம், லைனிலேயே சொல்லிவிட்டால் போதுமாம். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில், “சம்மதம்” என்றார்.

சாயங்காலம் வங்கியிலிருந்து செய்தி வந்தது. டீச்சரின் சேமிப்பு முழுவதும் போய்விட்டது.

மறுநாள் நஸ்ரினைப் பார்க்க டீச்சருக்குத் துணையாக நான்தான் போனேன். என்னைப் போல விவரம் தெரிந்தவள் வேறு யார் இருக்கிறார்கள்? நஸ்ரின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அடையாளச் சொல்லு கேட்டீங்களா டீச்சர்?”

“கேட்டேன். சரியாச் சொன்னான்.”

“அப்படின்னா இதை மோசடின்னு பதிய முடியாது. சொல்லு வராம சம்மதம் குடுத்திருந்தா வங்கி பொறுப்பெடுக்கும். சொல்லு சரியா வந்திருந்தா, பேசுனது வீட்டு ஆளுன்னுதான் விதி. குடும்பத் தகராறுன்னு எழுதிருவாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தச் சொல்லு வேற யாருக்காவது தெரியுமா?” என்றார்.

“எப்படித் தெரியும்? நான் எழுதக்கூட இல்ல. பாகற்காய் பாயசம். அவனுக்கும் எனக்கும் மட்டும்தான்.”

அதை வடிவிடம் சொல்லிச் சிரித்தவள் நான்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊரில் யார் எதை எப்போது சொல்லியிருக்க வேண்டும் என்று முப்பது வருடமாகத் தீர்ப்புச் சொல்கிறவள் நான். ஆனால் அன்று, ‘வடிவு யாரிடமோ உளறியிருப்பாள், முதலில் அவளை ஒரு பிடி பிடிப்போம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடியிருந்தேன். என் வாய் மூடியிருந்ததே அந்த ஒரு தடவைதான்.

ஆட்டோவில் திரும்பும்போது டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். “பணம் போட்டும் புஷ்பம். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஏமாத்தி எடுத்தாம் பாருங்க.”

“அவனா இருக்காது டீச்சர்…”

“ரெண்டே பேருக்குத் தெரிஞ்ச சொல்லு. ஒருத்தி நான். மிச்சம் யாரு? ஒண்ணாங்கிளாஸ் கணக்கு.”

ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடித்தது. அன்று நான் பாத்திரத்தைத் தொடவில்லை. சும்மாவே நின்றேன்.

“அம்மா, பூசைக்குப் போய்ட்டு வந்தாச்சா?”

டீச்சர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “எதுக்குல எடுத்த?” என்றார்.

“என்னத்தம்மா?”

“திருடன்கிட்ட நான் பேச மாட்டேன். எதுக்கு எடுத்தன்னு மட்டும் சொல்லிரு.”

அவன் குரல் மாறிவிட்டது.

“நீங்க யாரு?”

“என்னல?”

“எங்க அம்மா என்னையத் திருடன்னு சொல்ல மாட்டாவ. எங்க அம்மா மொதல்ல சாப்ட்டியான்னுதான் கேப்பாவ. யாரு நீங்க? எங்க அம்மா குரல எங்கருந்து எடுத்திய?”

வைத்துவிட்டான்.

வெள்ளியும் சனியும் வடிவின் போனை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டபோது எடுத்தேன். “ஏட்டி, யார்கிட்ட உளறுன?” என்று கத்தினேன். “ஐயோ, என்னாச்சு புஷ்பம்? மெதுவாச் சொல்லு” என்றாள். அழுதுகொண்டே ஆரம்பித்தேன். பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

“அப்புறம்?” என்றாள்.

என்னவோ போல் இருந்தது. ஒருத்தி அழும்போதும் அதே ‘அப்புறம்’. அதே இழுப்பு, அதே நீளம். அளந்து வெட்டிய மாதிரி. போனை வைத்துவிட்டு, பழைய ஆபீஸ் பியூனிடம் விலாசம் வாங்கி, அப்போதே மில்லர்புரத்துக்குப் போனேன்.

வடிவின் மருமகள் கதவைத் திறந்தாள். “அத்தையப் பாக்க வந்தியளா? உள்ள வாங்க. ஆனா அத்தைக்குப் பேச்சு கெடையாது. பக்கவாதம் வந்து ரெண்டு வருசமாச்சு.”

கட்டிலில் வடிவு பாதியாகிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. மறு கண் அசையவில்லை. ஆபீஸ் ஓய்வு பெற்றவர்கள் குழுவில் அவள் முன்பு போட்ட குரல் செய்திகள் நூற்றுக்கணக்கில் கிடந்தது நினைவுக்கு வந்தது. பேசிப் பேசியே குழுவை நிரப்பியவள். தினமும் என்னிடம் பேசிய இயந்திரம் இவள் குரலை அங்கிருந்துதான் அள்ளியிருக்க வேண்டும். வடிவு வாயைக் கோணிக் கோணி எதையோ சொல்ல முயன்றாள். என் வாழ்நாளில் முதன்முறையாக, அவள் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

அங்கிருந்து நேரே மாடியேறி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். டக்ட், பாயசம், வடிவு, ஒன்று விடாமல். டீச்சர் அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் அடிக்கவில்லை. “அப்ப எம்பிள்ள இல்ல” என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பணம் போனது, நான் செய்தது, எதுவுமே அவர் மனதில் இல்லை. ஓடிப்போய்ப் போனை எடுத்தார்.

அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். பிறகு ஒரு பதிவுக் குரல் வந்தது: இந்தப் பயனர் குரல் அழைப்புகளை ஏற்பதில்லை.

நஸ்ரினிடம் போனோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பதிவேட்டைத் திருத்தி மோசடி என்று எழுதியது மட்டும்தான் அவரால் முடிந்தது.

“அக்கா, ஒங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. இப்ப அந்த மெஷின் பணக்காரனைத் தேடுறதில்ல. தெருவுக்கு ஒருத்தர் எல்லாம் தெரிஞ்சவங்க இருப்பாங்கள்லா, அவங்களைத் தேடுது. அதுலயும், சொல்லுறதுக்கு நெறைய இருந்து கேக்க ஆளில்லாதவங்களா பாத்து. ஒரு வருசம்னாலும் பொறுமையா கேக்கும். அதுக்கு வேற வேலை என்ன?”

“நீங்க கூட்டத்துல இதைச் சொல்லலையே” என்றேன்.

“அன்னைக்கு எங்களுக்கே தெரியாதுக்கா.”

அவர் கப்பல் கம்பெனிக்குக் கடிதம் அனுப்பினார். அங்கேயும் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்திருக்கிறது. காவல்துறையின் பெயரில் வரும் கடிதங்களை மாலுமிகளுக்குக் கொடுக்கக் கூடாது, பாதி மோசடி அப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஜெனிஸ்டனிடமிருந்து கம்பெனி வழியாக எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது: ‘அம்மா குரலில் யார் பேசினாலும் இணைக்க வேண்டாம், கரைக்கு வந்து நேரில் பார்த்துக்கொள்கிறேன்.’ கரைக்கு வர இன்னும் ஏழு மாதம்.

“நேர்ல பாத்தா நம்புவாம்லா?” என்று டீச்சர் என்னிடம் கேட்டார். என்னிடம்!

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேலே போய்விடுவேன். பூசை முடிந்து வந்து டீச்சர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருவார். சனிக்கிழமை போட்ட சார்ஜ் நூறாக நிற்கும். பத்து மணி வரும், போகும். ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். ஐந்தாவது வாரம் டீச்சர் சொன்னார், “அவன் கொரலு எப்படி இருக்கும்னே மறந்துரும் போலருக்கு புஷ்பம்.”

அன்று மத்தியானம் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டேன். மூன்று மணிக்கு என் போன் அடித்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வடிவு குரலில் கூப்பிடும் அந்த எண்ணைத் தடுத்துவிடச் சொல்லியிருந்தார் நஸ்ரின். தடுத்தேன். நான்கு நாள் கழித்துத் தடையை எடுத்துவிட்டேன். எடுத்துப் பேசவில்லை, சத்தியம். தினமும் மூன்று மணிக்கு அது அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். ஊரில் என்னைத் தேடி அடிக்கிற போன் அது ஒன்றுதானே.

“அதுவா?” என்றார் டீச்சர்.

“ஆமா. வேண்டாம் டீச்சர், அடிச்சு ஓஞ்சிரும்.”

“குடுங்க. நாலு வார்த்த நாக்கப் பிடுங்குற மாதிரிக் கேக்கணும்.”

வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார். “ஏட்டி புஷ்பம்” என்று வடிவின் குரல் ஆரம்பித்தது.

“நான் அமலோற்பவம் பேசுதேன்” என்றார் டீச்சர், வகுப்பறைக் குரலில்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை. அதற்குள் அது எதைப் புரட்டியதோ, எந்தப் பெட்டியைத் திறந்ததோ.

“அம்மா” என்றது.

கேட்க வேண்டிய நாலு வார்த்தையும் டீச்சரின் உதட்டு வரை வந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“என்னல சாப்ட்ட?”

“பாகற்காய் பாயசம்மா.”

அவன் குரல். அந்தச் சிரிப்பும் அப்படியே. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, போனைத் தன் நல்ல காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

“நல்லாருக்கியாம்மா? ஒடம்பெல்லாம் எப்படி இருக்கு?” என்றது அது.

“ம்.” கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், யாருக்கும் கேட்காத மாதிரி மெல்ல, டீச்சர் சொன்னார்:

“அப்புறம்?”